எட்டரை மணிப் படம்

முனைவர் பட்டம் வாங்கிய மறுவாரமே எதிர்வீட்டு அம்மாள் முட்டிவலிக்கு மாத்திரை கேட்டு வந்து நின்றாள். "நான் அந்த டாக்டர் இல்லைங்க, புயலைப் பத்திப் படிச்சவ" என்று விளக்கியதற்கு, "அப்போ சளிக்காவது ஏதாவது எழுதிக் குடு" என்றாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அன்றைக்கு அவன் வைத்த பெயர்தான் மழை டாக்டர். துறைமுகம் முழுக்க அதைப் பரப்பிவிட்டுத்தான் ஓய்ந்தான். நாமும் அவளை அப்படியே கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்தவன் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது.

அவன் எப்படிப் போனான் என்பது ஊருக்கே தெரியும். புயல் எதிர்பாராத வேகத்தில் முற்றிவிட்டது, படகு கவிழ்ந்தது. யாருக்கும் முன்கூட்டித் தெரியவில்லை என்று செய்தித்தாள்கள் எழுதின, விசாரணை அறிக்கையும் அதையே சொன்னது. மழை டாக்டருக்குத் தெரிந்திருந்தது. அண்ணிக்கு அது தெரியாது. சொல்வதா, விழுங்கிவிடுவதா என்று பதினோரு மாதமாக அவள் தொண்டையில் அது முள்ளாகச் சிக்கிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பதினோரு வயதாகும்போது அப்பா, அம்மா இருவரும் இல்லை. அண்ணன் அவளைவிடப் பத்து வயது மூத்தவன். துறைமுகத்தில் விளக்கு மிதவைகளைச் சரிபார்க்கும் சிறிய படகு ஒன்று உண்டு, அதில் கயிறு பிடிக்கச் சேர்ந்து பிறகு அதையே ஓட்டுகிறவன் ஆனான். பள்ளி விண்ணப்பங்களில் 'பாதுகாவலர்' என்ற இடத்தில் அவன்தான் கையெழுத்துப் போடுவான். முதல் தடவை போடுவதற்கு முன்னால் பழைய செய்தித்தாளின் ஓரத்தில் இருபது தடவையாவது போட்டுப் பார்த்தான். பெரிய மனிதன் கையெழுத்து மாதிரி இருக்க வேண்டுமாம். அவனுக்கு அப்போது இருபத்தொரு வயது.

கல்லூரியில் அவள் இயற்பியல் எடுத்ததற்கு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. வேதியியல் ஆய்வகத்தின் நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வளிமண்டல அறிவியலில் மேற்படிப்புக்குப் போனபோதுதான் காரணம் வந்தது. நேர்காணலில், "புயலைப் பத்தி ஏன் படிக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார்கள். மற்றவர்கள் மனிதகுலம், பருவநிலை என்று பொளந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். இவள், "எங்க அண்ணன் கடல்ல வேலை பாக்குறாரு. அவர் எப்போ வீட்டுக்கு வருவார்னு எனக்குத் தெரியணும்" என்றாள். கேட்டவர்கள் சிரித்தார்கள், இடமும் கொடுத்தார்கள்.

அவளுடைய தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டாம், பாடம் நடத்தப் போவதில்லை. புயலுக்குள் விமானம் அனுப்பிக் காற்றை அளக்கிற வசதி அவர்கள் மையத்துக்கு இல்லை. செயற்கைக்கோள் அனுப்புகிற மேகப் படத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். சுருள் எவ்வளவு இறுக்கம், நடுவில் கண் திறந்திருக்கிறதா என்று மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு, ஒன்றிலிருந்து எட்டுக்குள் ஓர் எண் கொடுப்பார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் காற்றின் வேகம், அலையின் உயரம், துறைமுகத்துக்கு எச்சரிக்கை எல்லாம். இதில் ஒரு விதி உண்டு. ஆறு மணி நேரத்துக்குள் எண் ஒன்றுக்கு மேல் ஏறக் கூடாது, மூன்று என்றால் நான்கைத் தாண்டக் கூடாது. மேகம் சில சமயம் கண்ணை ஏமாற்றும், பார்க்கிறவர் பதறிப்போய்க் கூட்டிப் போட்டுவிடக் கூடாது என்று யாரோ நல்ல எண்ணத்தில் வைத்த விதி. அதனால் அவர்கள் நிரப்புகிற தாளில் இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலாவது 'பார்வைக்குத் தெரிவது', இரண்டாவது 'விதிப்படி'. வெளியே போகிற அறிக்கையில் இரண்டாவது மட்டும்தான் ஏறும்.

அந்த விதியைத்தான் அவள் ஐந்து வருடம் ஆராய்ந்தாள். நாற்பத்து மூன்று பழைய புயல்களின் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஆறு ஆறு மணி நேரமாக நறுக்கிப் பார்த்தாள். பதினோரு புயல்கள் விதியை மதிக்கவே இல்லை. கரைக்குப் பக்கத்தில், ஆழம் குறைந்த சூடான தண்ணீருக்கு மேல் வந்ததும், ஆறு மணி நேரத்தில் இரண்டு எண் ஏறியிருந்தன. விதி அங்கே தோற்றுப்போகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வேடு. அவளைப்போல இந்த விஷயத்தைக் கரைத்துக் குடித்தவர் அந்த வட்டாரத்தில் வேறு யாரும் இல்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

ஆய்வேட்டுக்கான பொது வாய்மொழித் தேர்வுக்கு அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பக்கத்தில் அண்ணி. எல்லாம் முடிந்து, "வந்திருப்பவர்கள் யாராவது கேள்வி கேட்கலாம்" என்று சம்பிரதாயத்துக்குச் சொன்னார்கள். இவன் கையைத் தூக்கிவிட்டான். அண்ணி சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"அந்த விதி தப்புன்னு இவ்வளவு படம் போட்டுக் காட்டுறீங்க. அப்புறம் ஏன் இன்னும் அதை வெச்சிருக்காங்க?"

மேடையில் இருந்த பேராசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மழை டாக்டர்தான் பதில் சொன்னாள். "ஏன்னா, பெரும்பாலும் அது சரியா இருக்கு."

"சரிதான்" என்று உட்கார்ந்துகொண்டான். வெளியே வந்ததும், "என் கேள்விதான் டாப், இல்ல?" என்று அண்ணியிடம் நூறு தடவை கேட்டான்.

புயல் ஆய்வு மையத்தில் வேலை கிடைத்தது. ஜன்னல் இல்லாத நீளமான அறை, சுவரில் ஆறு திரைகள், எப்போதும் குளிர். நாற்காலி முதுகுகளில் அவரவர் ஸ்வெட்டர் தொங்கும். கைப்பேசிகளை வாசலில் உள்ள மரப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்காமல் எண் போடுவார்கள். தலைமை ஆய்வாளர் இரண்டையும் பார்த்து முடிவு செய்வார். யார் எந்த எண் கொடுத்தாலும் "ஒரு அரை குறைச்சுக்கலாமே" என்பது அவர் வாடிக்கை. அதனால் அவருக்கு அரைப்புள்ளி என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான்.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. அறிக்கையில் இல்லாததை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது. உள்ளே இருப்பவர்கள் தங்கள் சொந்தக்காரர்களுக்குத் தனியாகத் தகவல் சொல்ல ஆரம்பித்தால், அப்புறம் அறிக்கையை எவன் நம்புவான்? நியாயமான கட்டுப்பாடுதான். மழை டாக்டர் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமிதமும் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு புயல் வந்தது. கரைக்குப் பக்கத்தில் அதன் படத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கை பரபரத்தது. இது அந்தப் பதினொன்றைப் போன்றது என்று வாதாடினாள். அரைப்புள்ளி அதிசயமாக ஒப்புக்கொண்டார். விதியை ஒதுக்கி வைத்து இரண்டு எண் ஏற்றினார்கள். கடலோரத் தெருக்கள் எல்லாம் காலியாயின, ஜனங்கள் பள்ளிக்கூட வகுப்பறைகளில் மூன்று நாள் பாய் விரித்துப் படுத்தார்கள். புயல் பாதி வழியிலேயே காற்றுப்போன பலூனாகிச் சும்மா தூறலைப் போட்டுவிட்டுப் போனது.

ஊர் அவளை வாயில் போட்டு மென்றது. ஒரு பத்திரிகை, குடை பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கும் ஒரு பெண்ணின் படம் போட்டது. அண்ணனும் விடவில்லை. "டாக்டரம்மா, உன் புயலைவிட எங்க வீட்டு மின்விசிறி வேகமா சுத்துதே!" அவளும் கூடச் சிரித்தாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அதற்கப்புறம் விதியை மீறலாம் என்று அந்த அறையில் அவள் வாய் திறந்ததே இல்லை. தன் ஆய்வேட்டுக்கு எதிராகத் தானே தினமும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். படித்தவர்களுக்கு அவமானம் என்பது பட்டினியைவிடப் பெரிய விஷயம், என்ன செய்ய.

இனி அந்த நாள்.

காலை எட்டரை மணிப் படம் திரையில் வந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன்னால் அந்தப் புயலுக்கு மூன்று போட்டிருந்தார்கள். இப்போது வெள்ளை வளையத்தின் நடுவில் கண் திறந்திருந்தது. வட்டமாக, சுத்தமாக, பொத்தான் துளை மாதிரி. கீழே இருந்தது ஆழம் குறைந்த, சூடான தண்ணீர். ஐந்து வருடம் உட்கார்ந்து பார்த்த படம் அது. 'பார்வைக்குத் தெரிவது' என்ற கட்டத்தில் ஐந்து என்று எழுதினாள். 'விதிப்படி' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி ஞாபகம் வந்தது, வெயிலில் குடை பிடித்த பெண் ஞாபகம் வந்தாள். நான்கு என்று எழுதினாள்.

அடுத்த அறையில் இருந்தவரும் நான்குதான் போட்டிருந்தார். அரைப்புள்ளி இரண்டு தாள்களையும் பார்த்தார். "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டார். அவள் பேனாவை மூடினாள். எட்டே முக்காலுக்கு அறிக்கை போனது. கடல் மாலையில் கொந்தளிக்கும் என்றது அது. ஐந்து என்று போயிருந்தால், நண்பகலுக்கு முன்பே என்று சொல்லியிருக்கும்.

தேநீர் குடிக்க வெளியே வந்து கைப்பேசியை எடுத்தாள். அண்ணன் இரண்டு முறை கூப்பிட்டிருந்தான். நடைபாதையில் நின்று பேசினாள். மணி எட்டு ஐம்பது.

"டாக்டரம்மா, ஒரு சந்தேகம். வெளியில நங்கூரம் போட்டு நிக்குதே தூர்வாரிக் கப்பல், அதுல காவலுக்கு ரெண்டு பேர் இருக்காங்க. அவங்களைக் கூட்டிட்டு வரணும். நான் நம்ம சின்னப் படகுல இப்பவே போயிட்டு ஒரு மணிக்குள்ள வந்துடலாம். இல்லன்னா மத்தியானம் பெரிய இழுவைப் படகு வருது, அதுவே போகட்டும்னு விட்டுடலாம். என்ன பண்ணட்டும்?"

"அறிக்கை பாத்தியாண்ணா?"

"பாத்தேன். நாலு போட்டிருக்கு, சாயங்காலம்னு போட்டிருக்கு. அது அறிக்கை. நீ என்ன சொல்ற?"

அந்தப் பக்கம் அண்ணி ஏதோ பாத்திரத்தைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

"நானும் அதேதாண்ணா சொல்றேன்."

"அப்ப சரி. வெக்கட்டுமா?"

வைத்துவிட்டான். அவள் தேநீர் குடித்தாள். இதைச் சொல்ல எனக்கே கூசுகிறது, ஆனால் குடிக்கத்தான் செய்தாள். விதி சரியாகத்தான் இருக்கும், பெரும்பாலும் சரியாகத்தானே இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதினொன்றரை மணிப் படத்தில் புயல் ஐந்தரை. விதியை ஓரம் வைத்துவிட்டுத் திருத்திய அறிக்கை பறந்தது. அவள் வாசலுக்கு ஓடிவந்து பெட்டியைக் கவிழ்த்துத் தன் கைப்பேசியை எடுத்துக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

கப்பலுக்குப் போய் இருவரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது துறைமுக வாயிலில் படகு கவிழ்ந்தது. காவலாளிகள் இரண்டு பேரும் அலைதடுப்புப் பாறைகளைப் பிடித்துத் தொங்கிப் பிழைத்தார்கள். அண்ணனை மூன்றாவது நாள்தான் கண்டெடுத்தார்கள். அடையாளம் காட்டப் போனது மழை டாக்டர்தான். படிவத்தில் 'உறவு' என்ற இடத்தில் தங்கை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணி வீட்டுக்குப் போவாள். அண்ணி ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க அடுத்தவர் வாய்வலிக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். ஆள் பாதியாகிவிட்டாள். மழை டாக்டர் ஒழுகுகிற குழாயைச் சரிசெய்வாள், காய் நறுக்குவாள், சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லாமல் பேருந்து பிடித்துத் திரும்புவாள். அண்ணி இருக்கிற நிலையில் இதையும் சொல்லி அவள் தலையில் இடியை இறக்க வேண்டுமா என்று ஒவ்வொரு வாரமும் அவளுக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துக்கொண்டிருந்தது. உண்மையான காரணம் பயம். அண்ணியும் போய்விட்டால் அவளுக்கு என்று உலகத்தில் ஆள் இல்லை.

வருடம் முடிகிறபோது, வந்துபோன புயல்களை எல்லாம் மையத்தில் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். கப்பல்கள் கொடுத்த தகவல், கரையில் அளந்த காற்று, எல்லாம் கைக்கு வந்திருக்கும். அவற்றை வைத்து ஒவ்வொரு மணிக்கும் உண்மையான எண் என்னவென்று இறுதிப் பதிவு எழுதுவார்கள். அதில் அந்த விதி கிடையாது. அந்தப் புயலின் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அரைப்புள்ளி தயங்கினார்.

"வேற யார்கிட்டயாவது குடுத்துடட்டுமாம்மா?"

"நானே செய்றேன் சார்."

இரண்டு வாரம் செய்தாள். எட்டரை மணிக்கு நேராக ஐந்து என்று எழுதிக் கொண்டுபோய் வைத்தாள். அரைப்புள்ளி வெகுநேரம் அந்த ஒரு வரியையே பார்த்தார்.

"நாலரைன்னு போடலாமே."

"அஞ்சு சார்."

"அஞ்சுன்னு போட்டா, அப்போ அன்னிக்கே யாருக்காவது தெரிஞ்சிருக்கணுமேன்னு கேப்பாங்க. பழைய தாளையெல்லாம் கிளறுவாங்க."

"தெரிஞ்சிருந்தது சார். எனக்கு. என் தாள்லயே இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அந்தத் தாளை நான் அன்னிக்கே பாத்தேன். முதல் கட்டத்துல அஞ்சு இருந்துச்சு. நீயா வாயைத் திறந்து சொல்லுவேன்னு நினைச்சேன். நீ சொல்லல. நானும் கேக்கல." பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அரை குறைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணி வீட்டுக்கு மூன்று மாடி ஏறினாள். வெளியில் யாரோ சொல்லி அண்ணிக்குத் தெரிவதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல் என்று முடிவெடுத்திருந்தாள். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மழை டாக்டர் தரையில் உட்கார்ந்தாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். படம், ஐந்து, நான்கு, ஆட்சேபணை இருக்கா என்று கேட்டது, தொலைபேசி. எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

அண்ணியின் கை ஒரு தலையணை உறையின் மேல் நின்றுவிட்டது.

"உனக்கு எத்தனை மணிக்குத் தெரிஞ்சுது?"

"எட்டரைக்கு, அண்ணி."

"அவர் பேசினது?"

"எட்டு ஐம்பதுக்கு."

அண்ணி அழுவாள், அறைவாள், வெளியே போ என்பாள் என்று எல்லாவற்றுக்கும் மழை டாக்டர் தயாராக வந்திருந்தாள். அண்ணியோ அந்த உறையை நான்காக மடித்து ஓரமாக வைத்தாள்.

"உன்கிட்டப் பேசிட்டு அவர் கிளம்பல, தெரியுமா? வாசல்ல செருப்பை மாட்டாம நின்னுட்டிருந்தாரு. 'அவ குரல் ஒரு மாதிரி இருந்துச்சு, பெரிய படகே போகட்டுமே'ன்னாரு. நான்தான் விரட்டினேன். 'அத்தனை வருஷம் படிச்சவ சொல்றா, அவளுக்குத் தெரியாதது உங்களுக்கு என்ன தெரியும், போயிட்டுச் சாப்பாட்டுக்கு வந்து சேருங்க'ன்னேன். சிரிச்சிட்டே போனாரு."

மழை டாக்டர் தலையைத் தூக்கினாள். இது அவளுக்குத் தெரியாது.

"இதை நான் யார்கிட்டயும் சொல்லல. எப்படிச் சொல்றது? நிக்கிறேன்னு நின்ன மனுஷனை நான்தானே பிடிச்சுத் தள்ளினேன். தினமும் காலையில எட்டு ஐம்பதுக்கு அந்த வாசலைப் பாக்குறேன். யாருக்குமே தெரியலன்னு எல்லாரும் சொன்னாங்க. அவருக்கு மட்டும் மனசுல பட்டிருக்கு, அதையும் நான் கேக்காம விட்டுட்டேன்னு நினைச்சு நினைச்சு… தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா உனக்கு?"

"அண்ணி, எங்க ஆபீஸ்ல ஒரு விதி…"

"இரு." அண்ணியின் குரல் உயரவே இல்லை. "அன்னிக்கு நீ சொல்லல. பயந்துட்ட. உங்க ஆபீஸ்ல விதி இருக்கு, சரி, விட்டுடறேன். அப்புறம் பதினோரு மாசம், வாராவாரம் வந்து என் எதிர்ல உக்காந்து காய் நறுக்கினியே. நான் இப்படிக் கரைஞ்சு போறதைப் பாத்துட்டேதானே இருந்த? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பழி என்னோடது மட்டும் இல்லன்னு நான் ஒரு ராத்திரியாவது தூங்கியிருப்பேனே. அதுக்கு என்ன விதி?"

அண்ணி மடித்த துணிகளைக் கட்டிலில் அப்படியே விட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.